நீர்க்கோடு

மேலே பெயின்ற், கீழே மரம் என்றேன் நான்.
கீழே பெயின்ற், மேலே மரம் என்றான் குகேந்திரன்.
குசினிக்குள் இன்னும் ஒரு பலகைகூட வரவில்லை.
சுவரில் கரிக்கட்டியால் கீறிய பெட்டிகள் மட்டும்.
அதில் ஒன்றைத் திறப்பதுபோல் கையை நீட்டி
இல்லாத சீனிப்போத்தலை எடுத்துப் பார்த்தேன்.
எட்டவில்லை.
"நாலங்குலம் இறக்குங்கோ."
"இறக்கினா என்ர தலை இடிக்கும்."
பாலையூற்றிலிருந்து வந்த ரேகல் ஓடாவி
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
தேத்தண்ணி வரும்வரை
இருவருக்கும் பொதுவாகத் தலையாட்டினார்.

அவனுக்குச் சீனக்குடாவில் படகுப் பட்டறை வேலை.
உலகத்தையே
தண்ணிக்கு மேலே, தண்ணிக்குக் கீழே
என்றுதான் பிரிப்பான்.
"நனையிற இடத்துக்குத்தான் பெயின்ற்.
நனையாத இடத்தில மரம் தன்ர முகத்தைக் காட்டட்டும்."
இது வள்ளமில்லை, குசினி என்றேன்.
இருப்பது ஒரே யன்னல்,
அதுவும் அடுத்த வீட்டு மதிலைப் பார்த்தபடி.
மேலே முதிரையை ஏற்றினால்
நடுப்பகலிலும் லைற் போட்டுத்தான்
பருப்பில் கல் பொறுக்க வேண்டும்.

கடைசியில் கறன்ற் பில் என் பக்கம் பேசியது.

நிறம் என் பொறுப்பு.
கொய்யா இலையின் அடிப்புறம்தான் வேண்டும் எனக்கு.
மேற்புறத்துப் பச்சை எல்லோருக்கும் தெரிந்தது;
இது திருப்பினால் மட்டும் தெரிவது,
பச்சைக்குள் யாரோ சாம்பல் தட்டிவிட்டதுபோல.
ஒரு இலையைக் கைப்பையில் வைத்து
மத்திய வீதிக்குப் போனேன்.
முதலில் வங்கி, பிறகு மகளுக்குச் சப்பாத்து,
பிறகு மழைக்கு ஒதுங்கி ஒரு பிளேன்ரீ.
கடைப் பெடியன் இலையை மெசினுக்குக் கீழே பிடித்தபோது
அது சுருண்டு வேறொன்றாகியிருந்தது.
மெசினுக்கு அது தெரியாது.
கண்டதைக் கலந்தது.
நாலு லீற்றர்; மூடி அடித்துக் கொடுத்தாயிற்று.
திருப்பி எடுக்கமாட்டார்களாம்.

வாடிய இலை நிறத்தில் ஆறு கதவுகள்
விறாந்தையில் காய்ந்தன.
"வருத்தக்காரர் மாதிரி இருக்கு."
நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள்,
வருத்தக்காரரை எனக்குத் தெரியும் என்றேன்.
இரவு எழும்பி ரோர்ச் அடித்துப் பார்த்தேன்.
அவன் சொன்னது சரி.
ஆனால் மேலே கொழுவிய அன்று,
மதிலில் பட்டுத் திரும்பிய வெயில்
காலை ஒன்பதரைக்கு அதன்மேல் விழ,
காய்ச்சல் விட்டதுபோல் ஒரு தெளிவு.
ஒன்பதரையிலிருந்து பத்தேகால் வரை.
அது போதும்.

கீழே முதிரை.
ரேகல் ஐந்து கதவையும் ஒரே பலகையில் அறுத்திருந்தார்.
அடுப்படியில் தொடங்கிய ஒரு வரி
சிங்கின் கீழே வளைந்து,
கதவு மாறியும் விடாமல் ஓடி,
காஸ் சிலிண்டர் நிற்கிற மூலையில் போய் முடிந்தது.
குகேந்திரன் குந்தியிருந்து
விரலால் அதைக் கடைசிவரை தொடர்ந்தான்.
"இதுக்கு எண்ணெய் போதும்" என்றான்.

மார்கழியில் அலஸ்தோட்டத்து வாய்க்கால்
போன வழியே திரும்பி வந்தது.
வாசலால் இல்லை, சிங்க் குழாயால்.
மூன்று விரல் உயரம். ஒரு இரவு நின்றது.
வடிந்தபோது
ஐந்து கதவிலும் ஒரே மட்டத்தில் கறுத்த கோடு.
ரேகலின் ரசமட்டம் வைத்தாலும்
அவ்வளவு நேராகக் கீற வராது.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.
"அப்பவே சொன்னன்" என்று அவன் தொடங்கவுமில்லை.
அதுதான் கூடுதல் எரிச்சல்.

அடுத்த ஞாயிறு
பட்டறையிலிருந்து ஒரு பழைய ரின் வந்தது.
அடியில் மிஞ்சிய வள்ளச் சிவப்பு.
கோட்டின் மேல் நாடா ஒட்டி,
நிலத்தில் குப்புறப் படுத்து,
மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பூசினான்.
"இனிச் சிப்பி பிடிக்காது" என்றான்,
சிரிக்காமல்.
நான்தான் சிரித்தேன்.

இரண்டு நிறம் என்றுதான் தொடங்கினோம்.
சீனிப்போத்தல் இன்னும் எனக்கு எட்டவில்லை.
முக்காலி ஒன்று அடிக்க வேண்டும்.
அதற்கு என்ன நிறம் என்று
இன்றைக்குக் காலை, ஒன்பதரைக்கு,
கதைக்கத் தொடங்கியிருக்கிறோம்.